ஏரிச் சேற்றுப் புழுவில் கொழுப்பு அளந்த பதிவு

காட்பாடிக்கு அருகே ஓர் ஏரியின் மீன்பாசிக் குத்தகையை எடுத்திருக்கும் பெரியவர் ஒருவர், நான் முழங்கால் சேற்றில் நின்று புழுக்களைச் சல்லடையில் அலசிக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இன்னா சார், தம்மாத்தூண்டு புழு, அதுல போய் இன்னா கொழுப்பு இருக்கப் போவுது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நூல் இழை போன்ற அந்தச் சிவப்புப் புழு ஒவ்வொன்றும் சில மில்லிகிராம் எடைதான் இருக்கும். அந்த எடையிலும் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ பங்குதான் கொழுப்பு. அவ்வளவு சிறியதை அளக்க முயன்று நான் பட்ட பாட்டையும், ஒவ்வொரு படியிலும் எங்கே தவறினேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த வேலை அந்தப் பெரியவரின் கவலையிலிருந்துதான் தொடங்கியது. ஏரியைத் தூர்வாரப்போகிறார்கள், விவசாயிகள் அனுமதி பெற்று வண்டலை வயலுக்கு அள்ளிச் செல்வார்கள். பொக்லைன் இறங்கிப் பல ஆண்டுச் சேற்றைக் கலக்கும்போது, அடியில் படிந்து கிடப்பதெல்லாம் மேலே வந்து தன் மீனில் ஏறிவிடாதா என்பது அவர் கேட்டது. வேலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் எனக்கு இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சேற்றில் நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவு உயிருக்குள் ஏறும் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் சேற்றின் கரிமத்தையும் (மக்கிய பொருளில் உள்ள கார்பன்) உயிரின் கொழுப்பையும் அளந்தே ஆக வேண்டும்.

நம் பக்கத்தில் சேறு மாசு என்றாலே எல்லார் வாயிலும் முதலில் வருவது குரோமியம். அதற்குக் காரணமும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகத் தோல் பதனிடும் ஊர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் ஊன்றியது. ஆனால் குரோமியம் ஓர் உலோகம். அது கொழுப்பில் கரைந்து தங்குவதில்லை. புழுவின் கொழுப்பு விகிதத்தைக் கொண்டு குரோமியத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம், என் மாணவர்களில் இருவர் குரோமிய அளவையும் கொழுப்பால் வகுத்து அட்டவணை போட்டுக்கொண்டு வந்ததுதான். கணக்கு வந்துவிடும், அதற்குப் பொருள் இருக்காது.

கொழுப்பு எதற்கு உதவும் என்றால், தண்ணீரை வெறுக்கும் கரிமச் சேர்மங்களுக்கு. டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து சிதைந்து உண்டாகும் டி.டி.இ. அவற்றில் ஒன்று. 1953ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து வீட்டுச் சுவர்களிலும் வயல்களிலும் அடித்த மருந்தின் எச்சம் அது. தண்ணீரையும் ஆக்டனால் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தையும் ஒரே புட்டியில் ஊற்றி அதில் டி.டி.இ.யைச் சேர்த்துக் குலுக்கினால், தண்ணீரில் இருப்பதைப் போல ஏறத்தாழ முப்பது லட்சம் மடங்கு ஆக்டனாலில் போய்ச் சேரும். ஏரியிலும் இதேதான் நடக்கிறது. அங்கே எண்ணெய்ப் பக்கம் என்பது இரண்டு இடங்களில் இருக்கிறது: சேற்றில் உள்ள மக்கிய கரிமப் பொருள் ஒன்று, அந்தச் சேற்றைத் தின்னும் புழுவின் கொழுப்பு மற்றொன்று. ஒரே சேர்மத்தை இந்த இரண்டும் தம் பக்கம் இழுக்கின்றன. எனவே புழுவில் உள்ள அளவைக் கொழுப்பின் பங்கால் வகுத்து, சேற்றில் உள்ள அளவைக் கரிமத்தின் பங்கால் வகுத்து, முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால், சேறு மாறினாலும் புழு மாறினாலும் அதிகம் மாறாத ஓர் எண் கிடைக்க வேண்டும். உயிர்-வண்டல் திரள் காரணி என்று அதைச் சொல்லலாம். அமெரிக்காவில் நீர்வழிகளைத் தூர்வாரும் ராணுவப் பொறியாளர் படையின் முதற்கட்டச் சோதனைக் கணக்கில் இந்த எண்ணுக்கு 4 என்று வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அதைத் தாண்டாது என்ற எண்ணத்தில் வைத்த மேல்வரம்பு அது.

தோல் தொழிலில் ஈரத்தோல் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு காலத்தில் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனாலுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது. அது ஓர் அமிலம். ஏரி நீரின் பி.எச். 7, 8 என்று இருக்கும்போது பெரும்பகுதி மின்னூட்டம் பெற்ற வடிவில் இருப்பதால், கொழுப்பை நாடும் அதன் போக்கு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே நான் டி.டி.இ.யோடு நிறுத்திக்கொண்டேன். அதை அளக்கும் வாயு நிறப்பிரிகைக் கருவி (கேஸ் குரோமட்டோகிராஃப்) எங்களிடம் இல்லை; மாதிரிகளைக் கட்டணம் செலுத்தி வெளியே அனுப்பினேன். கொழுப்பும் கரிமமும் மட்டும் என் பொறுப்பு. இவை எளிய பகுதி என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

மாதிரி எடுக்கப் பாலாற்றை விட்டு ஏரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2021 நவம்பர் வெள்ளம் போன்ற நாட்களைத் தவிர்த்தால் பாலாறு பெரும்பாலும் மணல்தான். மணலில் கரிமமும் குறைவு, புழுவும் குறைவு. ஏரியில் மதகை ஒட்டிய கரும் சேற்றில் இரண்டும் நிறைய. இரண்டு அங்குலப் பி.வி.சி. குழாயை இரண்டடிக்கு வெட்டி, சேற்றில் அழுத்தி, மேல் வாயை ரப்பர் தக்கையால் அடைத்து இழுத்தால், சேறு குழாய்க்குள் அப்படியே நின்று வரும். மரத்தடியால் கீழிருந்து தள்ளி, மேல் ஐந்து சென்டிமீட்டரை மட்டும் வெட்டினேன். புழுக்கள் வாழ்வது அங்கேதான். குழாயைத் தொட்ட ஓரத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, நடுப்பகுதியை எஃகுக் கரண்டியால் எடுத்து, அசிட்டோனால் அலசிய பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடிப் பாட்டில்களில் போட்டு, மூடிக்குள் அலுமினியத் தாள் வைத்து மூடினேன். உயிர்களில் டியூபிஃபெக்ஸ் என்னும் அந்தச் சிவப்புப் புழுவையும், கரையோர ஆழத்தில் காலால் துழாவினாலே அகப்படும் நன்னீர் மட்டியையும் எடுத்துக்கொண்டேன். வண்ணமீன் கடையில் டியூபிஃபெக்ஸ் விலைக்குக் கிடைக்கும். முறையைப் பழகுவதற்கு அந்தப் புழு போதும், ஆனால் அது எந்தச் சாக்கடையில் வளர்ந்தது என்று தெரியாததால் ஆய்வுக்கு ஆகாது.

புழுவின் குடல் முழுக்கச் சேறு இருக்கும். அதை வெளியேற்றாமல் அரைத்தால், புழுவை அளக்கிறோமா சேற்றை அளக்கிறோமா என்பது தெரியாது. சுத்தமான நீரில் ஆறு மணி நேரம் விட்டால் குடல் பெரும்பாலும் காலியாகிவிடும். இன்னும் நல்லது என்று நினைத்து ஒரு நாள் முழுக்க விடுவதும் தவறு. கொழுப்பில் அவ்வளவாக ஒட்டாத சேர்மங்கள் அந்த நேரத்தில் உடலை விட்டு வெளியேறத் தொடங்கிவிடும். முதல் தடவை மாலையில் புழுவை நீரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தேன். பாதி செத்துக் கிடந்தன. அதன் பிறகு விடியற்காலையில் ஏரிக்குப் போய், மதியத்துக்குள் முடிப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

ஈரப்புழுவை நிறுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வடிதாளில் ஒற்றி எடுக்கும் நேரம் மாறினால் எடை மாறும். பத்து நொடி ஒற்றிய புழுவுக்கும் முப்பது நொடி ஒற்றிய புழுவுக்கும் இடையே, கொழுப்பு விகிதத்தையே அசைக்கும் அளவுக்கு வேறுபாடு வந்தது. எனவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இருபது நொடி என்று நிலைப்படுத்தினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தராசின் கதவைத் திறக்க வேண்டும்; மே மாத வேலூரில் இதைச் செய்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

கொழுப்பைப் பிரிக்க பிளை, டையர் என்னும் இருவர் 1959ல் கனடாவில் வெளியிட்ட முறையை எடுத்துக்கொண்டேன். காட் மீனின் சதையை வைத்து அவர்கள் வகுத்த முறை அது. குளோரோஃபார்ம், மெத்தனால், திசுவில் உள்ள நீர் ஆகிய மூன்றும் 1 : 2 : 0.8 என்ற அளவில் சேரும்போது ஒரே திரவமாகக் கலந்து, திசுவின் எல்லா மூலைக்கும் புகுந்து கொழுப்பைக் கரைக்கின்றன. பிறகு இன்னும் ஒரு பங்கு குளோரோஃபார்மும் ஒரு பங்கு நீரும் ஊற்றினால் திரவம் இரண்டாகப் பிரியும். கனமான குளோரோஃபார்ம் கொழுப்போடு அடியிலும், மெத்தனாலும் நீரும் மேலேயும், நடுவே புரதம் வெள்ளைத் தட்டாகவும் நிற்கும். ஐந்து கிராம் மட்டிச் சதையில் ஏறக்குறைய நான்கு மில்லிலிட்டர் நீர் இருக்கும் என்ற கணக்கில், முதலில் குளோரோஃபார்ம் 5, மெத்தனால் 10 மில்லிலிட்டர். பின்னர் குளோரோஃபார்ம் 5, நீர் 5. மொத்தக் குளோரோஃபார்ம் 10 மில்லிலிட்டர் ஆகிறது. அடி அடுக்கிலிருந்து 5 மில்லிலிட்டரை எடுத்து உலர்த்தி நிறுத்து, வருவதை இரண்டால் பெருக்க வேண்டும். பைப்பெட்டை மேல் அடுக்கின் வழியே இறக்கும்போது நுனியிலிருந்து மெல்லக் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இறக்கினால், மேல் திரவம் உள்ளே ஏறாது.

முதல் முடிவு வந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, பிறகு சந்தேகமாக இருந்தது. மட்டியில் கொழுப்பு 9 விழுக்காடு! ஊறுகாயாகப் போட்டாலும் மட்டிக்கு அவ்வளவு கொழுப்பு வராது. உலர்ந்த குப்பியை வெளிச்சத்தில் பார்த்தேன். உண்மையான கொழுப்பு மஞ்சளாக, பிசுபிசுவென்று பரவியிருக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததோ கண்ணாடித்தாள் போன்ற ஒரு படலம்; நகத்தால் நெருடியபோது உரிந்து வந்தது. கொழுப்பு உரியாது. அடுக்குகளைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவதற்காக நான் எடுத்த ஒளிபுகும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாய்கள் பாலிஸ்டைரீன்; குளோரோஃபார்ம் அதைச் சர்க்கரை போலக் கரைத்துவிட்டது. நான் நிறுத்தது குழாயை. அன்றிலிருந்து கண்ணாடியையும் டெஃப்ளான் மூடியையும் தவிர வேறு எதையும் கரைப்பானுக்கு அருகில் விடுவதில்லை.

கண்ணாடிக்கு மாறியதும் வேறொரு சிக்கல். கண்ணாடிக் குழாயை வேகமாகச் சுற்ற முடியாது, மெதுவாகச் சுற்றத்தான் வேண்டும். எங்கள் பழைய சென்ட்ரிஃபியூஜோ மெதுவாகச் சுற்றினால் நின்று நின்று ஓடியது. திறந்து பார்த்ததில் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து ஸ்பிரிங் வரை வந்திருந்தது. பழைய பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன். அதே அகலத்தில் மிக்ஸி பிரஷ் ஒன்றைக் கொடுத்து, நீளத்தை உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அரை மணி நேர வேலை. இப்போது ஓடுகிறது.

கரைப்பானை உலர்த்துவதில் இன்னும் சுவாரசியமான ஒரு தவறு செய்தேன். கொழுப்பு காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதால் நைட்ரஜன் ஊதி உலர்த்துவதுதான் முறை. எங்களிடம் சிலிண்டர் இல்லை. பெட்ரோல் பங்கில் டயருக்கு நைட்ரஜன் அடைக்கிறார்களே என்று தோன்றியது. ஒரு சைக்கிள் டியூபை நிரப்பிக்கொண்டு வந்து, வால்வில் கண்ணாடிக் குழாய் மாட்டி ஊதினேன். சிக்கனமான ஏற்பாடு என்று மாணவர்கள் கைதட்டினார்கள். ஆனால் திசு எதுவும் இல்லாமல் கரைப்பானை மட்டும் வைத்து நடத்திய வெற்றுச் சோதனையில் ஒன்றரை மில்லிகிராம் எடை நின்றது. டியூபின் ரப்பரில் உள்ள எண்ணெய்களும் உள்ளே தூவும் பவுடருமே காரணம். டியூபை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான வாட்டர் பாத்தில் வைத்துப் பிறகு வெற்றிட டெசிகேட்டரில் (காற்றை உறிஞ்சி எடுத்து உலர்த்தும் கண்ணாடிக் கலம்) உலர்த்தியபோது வெற்றுச் சோதனை 0.4 மில்லிகிராமுக்கு இறங்கியது. அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று மேலும் இரண்டு நாள் தேடினேன். டெசிகேட்டர் மூடியின் விளிம்பில் தடவும் வாசலினும், மூடியைத் தொட்ட கையால் குப்பியைத் தொட்டதும்தான். இடுக்கியால் மட்டும் குப்பியை எடுக்கத் தொடங்கிய பிறகு, தராசால் காண முடியாத அளவுக்கு அது குறைந்தது. வெற்றுச் சோதனையை ஒவ்வொரு தொகுதியோடும் செய்யாதவர் கொடுக்கும் கொழுப்பு எண்ணை நான் இனி நம்பமாட்டேன்.

வெயிலும் தன் பங்குக்கு விளையாடியது. குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிப்பது. பிற்பகலில் 40 டிகிரியைத் தாண்டும் அறையில் மூடியைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால், அடி அடுக்கு 10 மில்லிலிட்டராக இருக்காது, 9 ஆகியிருக்கும். அதிலிருந்து 5 எடுத்து இரண்டால் பெருக்கினால் கொழுப்பு உண்மையைவிடக் கூடுதலாக வரும். ஒரே மட்டியின் காலை முடிவும் மாலை முடிவும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது இப்படித்தான் விளங்கியது. அளவு கீறிய குழாய்களுக்கு மாறி, அடுக்கின் கொள்ளளவைக் கணக்கில் ஊகிக்காமல் நேரே படித்து எழுதுகிறோம்.

இவ்வளவும் மட்டிக்கு. ஐந்து கிராம் மட்டியில் ஐம்பது மில்லிகிராம் அளவில் கொழுப்பு கிடைக்கிறது. எங்கள் தராசு 0.1 மில்லிகிராம் வரை காட்டுவதால் கவலையில்லை. புழுவில் அது நடக்காது. ஓர் இடத்தில் சேர்ந்த புழு முழுவதும் அரை கிராம் என்றால், பெரும்பகுதியை டி.டி.இ. சோதனைக்குக் கொடுத்துவிட்டு எனக்கு மிஞ்சுவது இருபது மில்லிகிராம். அதில் கொழுப்பு 0.2 அல்லது 0.3 மில்லிகிராம், தராசின் கடைசி இலக்கம் இரண்டு மூன்று முறை துள்ளும் அளவு. இங்கே தராசை விட்டு நிறத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

கந்தக அமிலம், பாஸ்பாரிக் அமிலம், வெனிலின் ஆகிய மூன்றையும் கொண்டு நிறம் உண்டாக்கும் முறை அது. கொசுவின் உடலில் உள்ள கொழுப்பை அளப்பதற்காக வான் ஹேண்டல் 1985ல் எளிமையாக்கித் தந்த வடிவத்தைப் பின்பற்றினேன். 600 மில்லிகிராம் வெனிலினை 100 மில்லிலிட்டர் வெந்நீரில் கரைத்து, 400 மில்லிலிட்டர் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து, இருட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐஸ்கிரீமில் வாசனைக்குச் சேரும் அதே வெனிலின்தான். ஆய்வகம் ஒரு வாரம் குல்ஃபி வண்டி போல மணத்தது. கொழுப்புச் சாற்றைக் குழாயில் முற்றிலும் உலர்த்தி, 0.2 மில்லிலிட்டர் அடர் கந்தக அமிலம் விட்டு, கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, ஆறவிட்டு, வெனிலின் கரைசலை 5 மில்லிலிட்டர் கோடு வரை ஊற்றினால், ஐந்து நிமிடத்தில் இளஞ்சிவப்பு நிறம் எழும். 525 நானோமீட்டரில் அளக்கிறோம். இருபது மில்லிகிராம் புழு இதற்குத் தாராளமாகப் போதும்.

இந்த நிறத்துக்குள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது. வெனிலினோடு சேர்ந்து நிறம் தருவது கொழுப்பு அமிலச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்பு. நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய நிறமே தராது. இதைச் சொல்லாமல் ஒரு மாணவியிடம் ஒப்பீட்டுக் கோடு, அதாவது அளவு தெரிந்த கொழுப்பு எவ்வளவு நிறம் தருகிறது என்று காட்டும் வரைகோடு, போடச் சொன்னேன். வீட்டிலிருந்து சுத்தமான செக்குத் தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து நிறுத்துக் கரைத்தார். நான்கு குழாயும் வெளிறியே நின்றன. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான செயல்விளக்கம் நான் வகுப்பில் காட்டியதில்லை. அப்படியானால் நல்லெண்ணெய் என்றார் அடுத்த நாள். அதையும் நான் ஏற்கவில்லை. நல்லெண்ணெய்க்கே உரிய சில பொருள்கள், அமிலத்தில் ஃபர்ஃபுரால் என்னும் ஆல்டிஹைடோடு சேர்ந்து சிவப்பாகும். வனஸ்பதியை அடையாளம் காண அதில் நல்லெண்ணெய் கலக்க வேண்டும் என்று நம் நாட்டில் விதி வைத்ததே அந்தச் சிவப்பை நம்பித்தான். வெனிலினும் ஆல்டிஹைடு என்பதால், கொழுப்பால் வராத நிறம் கலந்துவிடுமோ என்ற ஐயம் எனக்கு. மூல முறையில் சொன்னபடி சோயா எண்ணெய்க்கே திரும்பினோம்.

சோயாவும் இறுதி விடை அன்று. மட்டியின் கொழுப்பைத் தராசிலும் நிறத்திலும் ஒருசேர அளந்தபோது, தராசில் 1.1 விழுக்காடு வந்தது, நிறத்தில் 0.8தான் வந்தது. சோயா எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு மிகுதி என்பதால், மற்ற கொழுப்பெல்லாம் அதன் முன்னே குறைவாகத் தெரியும். எந்த உயிரை அளக்கிறோமோ அதன் கொழுப்பையே ஒப்பீடாக வைப்பதுதான் இதற்கு வழி. ஏரியிலிருந்து மூன்று கிராம் புழுவைத் திரட்ட எனக்கு நான்கு விடியல்கள் ஆயின. அதன் கொழுப்பை மொத்தமாகப் பிரித்து, தராசில் நிறுத்து, அளவறிந்த குளோரோஃபார்மில் கரைத்து, அந்தக் கரைசலைக் கொண்டு ஒப்பீட்டுக் கோடு போட்டேன். ஒருமுறை செய்த இந்த உழைப்பு பல மாதம் நின்றது. குளிர்பெட்டியில் இருந்த அந்தக் குப்பியை ஒருவரும் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

ஹெக்சேன் என்னும் கரைப்பானை ஊற்றி, அதைத் திரும்பத் திரும்ப ஆவியாக்கி வடியவிடும் சாக்ஸ்லெட் கருவியில் எடுத்தால் சுலபமாக முடியுமே என்று ஒரு நண்பர் சொன்னார். செய்து பார்த்தேன். ஹெக்சேன் சேமிப்புக் கொழுப்பை மட்டும் கரைக்கும். உயிரணுச் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடைப் பெரும்பாலும் விட்டுவிடும். கொழுத்த கெளுத்தி மீனில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மெலிந்த புழுவிலும் மட்டியிலும் சவ்வுக் கொழுப்பே முக்கால் பங்கு என்பதால், ஹெக்சேன் எண் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. மறுபுறம், பிளை-டையர் முறையும் குறையற்றது அன்று. கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் உள்ள திசுக்களில் அதன் கரைப்பான் அளவு போதாமல் குறைவாகக் காட்டும். அப்படிப்பட்ட மீன்களுக்கு ஃபோல்ச் 1957ல் தந்த, திசுவைப்போல் இருபது மடங்கு கரைப்பான் கேட்கும் முறை பொருத்தம். என் உயிர்கள் மெலிந்தவை என்பதால் எனக்குச் சிக்கல் வரவில்லை.

இனி மறுபக்கம், சேற்றின் கரிமம். இதற்கு மண் ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்வது வாக்லி-பிளாக் முறை: டைகுரோமேட் என்னும் குரோமிய உப்பையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் கரிமத்தை எரித்து, மிஞ்சிய டைகுரோமேட்டை ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டால் தரம்பார்ப்பது. கரிமத்தில் 77 விழுக்காடுதான் எரியும் என்று கொண்டு 1.3 ஆல் பெருக்குவார்கள். பயிர் மண்ணுக்கு நன்றாகப் பொருந்தும் முறை. நம் பக்கத்துச் சேற்றுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டே டேனரிக்கு வருகிறது. கழுவிய உப்பு கழிவுநீரோடு நிலத்துக்கும் நீருக்கும் போகிறது. சேற்றில் உள்ள குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்னும் என்பதால், அது கரிமமாகக் கணக்கில் ஏறிவிடும். கரிமம் கூடுதலாகத் தெரிந்தால், வகுக்கும் எண் பெரிதாகி, சேற்றின் மாசு குறைந்து தோன்றும். திரள் காரணியோ வீங்கும். கந்தக அமிலத்தில் வெள்ளி சல்பேட் சேர்த்தால் குளோரைடு படிந்து ஒதுங்கும். விலைதான் கையைக் கடிக்கிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: மாசை ஆராய்கிறோம் என்று நாங்கள் செய்த இந்தச் சோதனையில் மிஞ்சுவதும் குரோமியக் கழிவுதான். அதைத் தொட்டியில் ஊற்றாமல் தனி கேனில் சேர்த்து, அபாயகரக் கழிவாக ஒப்படைக்க வேண்டியிருந்தது.

கடைசிச் சறுக்கல் எண்களைச் சேர்க்கும்போது. வெளியிலிருந்து வந்த அறிக்கையில் புழுவின் டி.டி.இ. அளவு உலர் எடைக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தது. நான் அளந்த கொழுப்போ ஈர எடைக்கு. புழுவில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால், இரண்டையும் அப்படியே வகுத்தபோது விடை ஐந்து மடங்கு பெருத்து நின்றது. ஓர் இரவு முழுக்க, இந்த ஏரியில் ஏதோ பயங்கரம் நடந்திருக்கிறது என்று நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். எந்த எடையில் வேண்டும் என்று நான் கேட்டு எழுதாதது என் பிழை. இப்போது அனுப்பும் ஒவ்வொரு குப்பியின் சீட்டிலும் ஈர எடை, உலர் எடை இரண்டையும் எழுதுகிறேன், கொழுப்பையும் டி.டி.இ.யையும் ஒரே அரைத்த கூழிலிருந்து எடுக்கிறேன்.

கொழுப்பு எண் எவ்வளவு தூரம் முடிவை ஆட்டும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைச் சொல்கிறேன். இவை எந்த ஏரியின் அளவும் அல்ல. ஈரப்புழுவில் கிராமுக்கு 30 நானோகிராம் டி.டி.இ., கொழுப்பு 1.5 விழுக்காடு என்றால், ஒரு கிராம் கொழுப்புக்கு 2000. உலர்சேற்றில் கிராமுக்கு 20, கரிமம் 2 விழுக்காடு என்றால், ஒரு கிராம் கரிமத்துக்கு 1000. காரணி 2, வரம்பான 4க்குள் அமைதியாக நிற்கிறது. அதே புழுவின் கொழுப்பை ஹெக்சேனில் எடுத்து 0.5 என்று எழுதினால், 6000ஐ 1000ஆல் வகுத்துக் காரணி 6. ஏரியும் சேறும் புழுவும் மாறவில்லை. பல லட்ச ரூபாய்க் கருவி தந்த டி.டி.இ. எண்ணும் மாறவில்லை. வகுக்கும் எண் ஒன்று மாறியதில் வரம்புக்குள் இருந்த ஏரி வரம்பைத் தாண்டிவிட்டது. வரம்பு எண்ணை வைத்துத் திருப்பியும் கணக்கிடலாம்: 4ஐ, சேற்றின் 20ஐ 2ஆல் வகுத்த 10ஆல் பெருக்கி, கொழுப்பு 1.5ஆல் பெருக்கினால் 60. அந்தச் சேற்றிலேயே நெடுநாள் வாழும் புழுவில் கிராமுக்கு 60 நானோகிராம் வரை ஏறலாம் என்பது அதன் பொருள். கொழுப்பு 6 விழுக்காடு உள்ள மீனுக்கு இதே கணக்கைப் போட்டால் 240 வரும். ஆனால் மீன் சேற்றிலேயே கிடப்பதில்லை, தின்பதும் சேற்றை மட்டுமல்ல என்பதால் அந்த எண்ணை நான் எச்சரிக்கையோடுதான் வைத்துக்கொள்வேன்.

பெரியவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: ஒரே பருவத்து மாதிரியை வைத்து உங்கள் ஏரியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை, புழு முட்டையிடும் காலத்தில் கொழுப்பு ஏறி இறங்கும், எனவே ஐப்பசி மழைக்குப் பிறகு இன்னொரு முறை எடுக்க வேண்டும், அதுவரை பொக்லைன் இறங்கும் நாட்களில் மதகை ஒட்டிய பகுதியில் வலை வீசாமல் இருந்தால் நல்லது. அவர் தலையாட்டிவிட்டு, வரும் தடவை விடியலில் தனியாக இறங்க வேண்டாம், அந்தப் பக்கம் ஆளை விழுங்கும் பள்ளம் ஒன்று இருக்கிறது, தன் பரிசலில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். கோடைத் தொகுதியில் மிஞ்சிய புழுவின் சாறு மூன்று குப்பிகளில் உறைபெட்டியில் இருக்கிறது; மழைத் தொகுதியோடு சேர்த்து ஒரே நாளில், ஒரே வெனிலின் கரைசலில் அளப்பதற்காக.